அம்சம் இருந்த ஊர்

பாபநாசம் சாலையில் கொத்தங்கரை நிறுத்தத்தில் நின்றால், கிழக்கே போகிற பஸ் கும்பகோணத்துக்கு, மேற்கே போகிறது தஞ்சாவூருக்கு. இரண்டில் எங்கே குடிபோவது என்பதுதான் அந்தத் தை மாதம் முழுக்க வள்ளியம்மைக்கும் அவள் புருஷன் கோவிந்தராசுவுக்கும் பேச்சு.

ஊரில் இனி இருக்க முடியாது. பண்ணையில் இருபது வருஷம் காரியஸ்தராக இருந்தவர் கோவிந்தராசு. கூலித் தகராறு, வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை, போலீஸ் முகாம் என்று இரண்டு போகம் கழிந்தது. புது ஆட்சி நில உச்சவரம்பைக் குறைக்கப்போகிறது என்ற பேச்சு வந்ததும் முதலாளி நிலத்தைப் பிரித்து விற்றுவிட்டு மதராஸுக்குப் போய்விட்டார். அடுத்த வாரமே காரியஸ்தர் வீட்டு வைக்கோற்போர் பற்றி எரிந்தது. அணைக்க ஒருவரும் வரவில்லை.

தஞ்சாவூரில் அரிசி மில் வேலை; வீடு இருட்டு, தண்ணீருக்குத் தெருமுனைக் குழாய். கும்பகோணத்தில் பாத்திரக்கடை வேலை. வீட்டுக் கொல்லையிலேயே கிணறு. பார்த்துவரக் கும்பகோணத்துக்குப் போனாள் வள்ளியம்மை.

வீடு வெளிச்சமாக இருந்தது. கொல்லைக் கதவைத் திறந்தாள். குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுக் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அம்சம். மருதையன் பெண்சாதி.

வெளியூர் ஆட்களை வரப்பில் மறித்ததற்காக மருதையனைப் பண்ணைக் களத்தில் கட்டிவைத்து அடிக்கச் சொன்னவர் கோவிந்தராசு. இரண்டு மாதம் ரத்தம் கக்கிச் செத்தான். பிறகு குடிசையையும் பிடுங்கிப் போட்டார்கள். அடித்துக் களைத்து வந்தவர்களுக்கு மோர் கரைத்துக் கொடுத்தவள் வள்ளியம்மை. எதற்கு என்று அவள் கேட்கவில்லை, தெரியாமலும் இல்லை.

"குடி வர்றீங்களாம்மா?"

"பாக்கத்தான் வந்தேன். நீ இங்கயா இருக்கே?"

"இந்தத் தெருவுல அஞ்சு வீட்டுல வேலை செய்யறேங்க. ஆத்தோரமா குடிசை. பொண்ணு முனிசிபல் பள்ளிக்கூடத்துல ரெண்டாவது படிக்குது." கையிலிருந்த சாம்பலைக் கழுவினாள். "ஐயாவும் வருவாங்களா?"

"வருவாரு."

"ஒரு ஊர விட்டு வந்துட்டேங்க. அவங்க குரல் காதுல விழாத எடமுன்னுதான் இங்க வந்தேன். நீங்க இங்க வந்தா நான் எங்கங்க போறது?"

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வள்ளியம்மையும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பாள்.

"நாங்க வரல. தஞ்சாவூருக்கே போயிடறோம்."

"சத்தியமாங்களா?"

"சத்தியமா."

வீட்டுக்கு வந்ததும், "கெணத்துத் தண்ணி உப்பு. வேண்டாம்," என்றாள்.

"காவேரிக்குப் பக்கத்துல உப்புத் தண்ணியா?" கோவிந்தராசு சிரித்தார். தோண்டித் தோண்டிக் கேட்டார்.

"அங்க அம்சம் இருக்கா," என்றாள் கடைசியில்.

அவர் இலையில் இருந்த சோற்றைப் பிசைந்தார். "அவளுக்குப் பயந்துகிட்டு நீ குழாயடியில நிக்கணுமா? நான் என்ன கொலகாரனா?"

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்று கேட்டாள்.

மாசியில் கும்பகோணத்துக்கே குடிபோனார்கள். மறுநாள் காலை வள்ளியம்மை கொல்லைக்குப் போனபோது, பக்கத்து வீட்டு அம்மாளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்சம் உங்க ஊராமே? நேத்து உங்க சாமான் வண்டி வந்து நின்னத எட்டிப் பாத்தா. தேச்சுக்கிட்டிருந்த குண்டான அப்படியே போட்டுட்டுப் போனவதான். குடிசையும் காலியாம். பொண்ணுக்கு அடுத்த மாசம் பரீட்சை வேற."

"எங்க போனா?"

"யாரு கண்டா? உங்களுக்கு வேற ஆள் தெரிஞ்சா சொல்லுங்க."

உள்ளே கோவிந்தராசு சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். "அந்த முருகன் படத்த எடு," என்று குரல் கொடுத்தார். வள்ளியம்மை கொல்லைக் குட்டைச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். மறுபடியும் கூப்பிட்டார். போய் எடுத்துக் கொடுத்தாள்.