ஸ்பைஸ்வுட் ஓடை சபையில் மிச்சம் இருந்தவள்

டெல்ஃபியாவுக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. கென்டக்கி மலையில் இருக்கும் பாப்டிஸ்ட் சபைகள் ஒன்றாகக் கூடும் சங்கத்தின் வருடாந்திரக் கூட்டம் அது. மரத்தடி மேசையில் பீன்ஸும் சோள ரொட்டியும் பொரித்த கோழியும் மணந்தன. அறுபத்தெட்டு வயதுக்காரி தட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஆலயத்துக்குள் சங்கத்தின் நூறாண்டு வரலாற்றை வாசிப்பார்கள். நாளைக்கு அது அச்சுக்குப் போகிறது.

அதில் அவள் அண்ணன் எஸ்டிலுக்கு ஒரே ஒரு வரி: '1933இல் சுரங்க யூனியனில் ரகசிய உறுதிமொழி எடுத்ததற்காக ஸ்பைஸ்வுட் ஓடை சபை இவரை ஒருமனதாக நீக்கியது.' ரகசிய உறுதிமொழி எடுப்பது சபை விதிப்படி குற்றம். நீக்கிய மூன்றே மாதத்தில் சுரங்கக் கூரை இடிந்து அவன் செத்தான். பாட்டு இல்லை, ஜெபம் இல்லை, அப்படியே புதைத்தார்கள். அந்த ஒருமனதில் இவள் கையும் உண்டு. பத்தொன்பது வயது, பக்கத்தில் அப்பா முறைத்துக்கொண்டிருந்தார், கையைத் தூக்கிவிட்டாள். அதை நினைத்து அவள் புழுங்காத நாள் கிடையாது.

செயலாளர் அந்த வரியை வாசித்ததும் எழுந்துவிட்டாள்.

"ஹோபர்ட் பிரதர், இதோட நிறுத்தாதீங்க. எங்கண்ணனைத் திரும்பச் சேத்துக்கிட்டாங்கன்னு எழுதணும்."

சங்கத் தலைவர் ஹோபர்ட் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனுஷன்தான், சட்டம் பேச ஆரம்பித்தால் மட்டும் லேசில் விடமாட்டார். "உக்காருங்க சிஸ்டர். நீக்கின சபைதான் சேக்க முடியும். சங்கத்துக்கு எந்த சபை மேலயும் அதிகாரம் கெடையாது. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். அதான் சங்கத்தைக் கேக்கல."

"அந்த சபை வெள்ளத்துல போயி இருபது வருஷமாச்சே! எல்லாரும் மாற்றுக் கடிதம் வாங்கி வேற சபையில சேந்துட்டாங்க."

"நான் வாங்கல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"எங்க சபையிலதானே வாராவாரம் உக்காந்திருக்கீங்க?" என்றார் ஹோபர்ட்.

"விருந்தாளியா உக்காந்திருக்கேன். சமைக்கக் கூப்பிடுறீங்க. என்னிக்காவது ஓட்டுப் போடக் கூப்பிட்டீங்களா?"

செயலாளர், வரலாறு எழுத வாங்கி வைத்திருந்த அந்தச் சபையின் பழைய உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மரணம், கடிதம் அல்லது நீக்கம். டெல்ஃபியாவின் பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை.

ஹோபர்ட் தாடையைச் சொறிந்தார். "சரி, நீங்கதான் சபைன்னே வச்சிக்குவோம். நீக்கப்பட்டவன் தப்பை ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்கணுமே. செத்தவன் எப்படிக் கேப்பான்?"

அவள் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் எதுக்குக் கேக்கணும்? தப்புப் பண்ணது சபை. அதுல மிச்சம் நான் ஒருத்திதான். நான் கேக்குறேன்." செயலாளர் கையிலிருந்த பதிவேட்டின் பக்கம் திரும்பினாள். "எஸ்டிலண்ணே, எங்களை மன்னிச்சிடு."

யாரும் சிரிக்கவில்லை. ஹோபர்ட் செயலாளரைப் பார்த்துத் தலையசைத்தார்.

"என்னன்னு எழுதட்டும் சிஸ்டர்?"

"சபை அவனைச் சேத்துக்கிச்சுன்னு எழுதுங்க. அவன் சபையைச் சேத்துக்கிட்டானாங்கிறது எனக்குத் தெரியாது."

சொல்லி முடித்த பிறகும் அவளால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.