பதினேழாம் மனையில் ஏரி

மனைப்பிரிவு போட நிலம் அளக்கிற அன்றைக்கு ஏரி வெளியூர் போய்விட வேண்டும். கூத்தவாக்கத்தில் அதுதான் வழக்கம். ஆறரை மணி பஸ்ஸில் பக்கத்து ஊர் அக்கா ஏரியிடம் போகும், சாயங்காலம் திரும்பி வந்து மிச்சமிருக்கிற இடத்தில் படுத்துக்கொள்ளும். நடுவில் அளந்துவிட்டு 'நீர்நிலை ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். பார்த்ததைத்தானே எழுதுகிறார்கள்?

சர்வேயர் அஞ்சுகம் ஏழு மணிக்கு முக்காலியை நிறுத்திக் கருவியில் கண்ணை வைத்தாள். ஏரி அங்கேயே உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் துணிப்பை.

"நீங்க கிளம்பலையா?"

"நேத்தே போய்ப் பார்த்துட்டு வந்துட்டேம்மா. அக்கா இருந்த இடத்துல நூத்திருபது வீடு. எந்தக் கதவைத் தட்டச் சொல்ற?"

அஞ்சுகத்துக்கு எரிச்சல். பதினொரு வருஷமாக வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் சட்டம். அவள் கல்யாண போட்டோ இன்னும் பீரோ பக்கத்தில் சுவரைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. இந்த இடத்தை அளந்து கொடுத்தால் பதினேழாம் மனை அவளுக்கு என்று புரமோட்டர் தணிகாசலம் வாக்குக் கொடுத்திருந்தார். மனை ஏரியின் நட்டநடுவில் இருந்தது. வரைபடம் எப்போதோ தயார். அங்கெல்லாம் படம்தான் முதலில். நிலம் அப்புறம் வந்து அதற்குள் அடங்கி உட்காரும்.

தணிகாசலம் காரை விட்டு இறங்கினார். "ஏம்மா, நேரத்துக்குக் கிளம்பச் சொல்றதில்லையா?"

"போக இடமில்லையாம் சார்."

"ஏரிக்காற்று நகர்னு போர்டே வச்சாச்சு. இங்க ஏரி இருந்தா எவன் வாங்குவான்?"

அஞ்சுகம் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். மனைப்பிரிவில் நீர்நிலை இருக்கக் கூடாது. மனைக்காரர் இருக்கலாம். நாலு பக்கமும் அஞ்சடி விட்டால் போதும்.

"இவங்க பேருக்கு ஒரு மனை எழுதிடலாம் சார்."

"அட, தாராளமா! எது காலி?"

எல்லாம் புக் ஆகியிருந்தது. ஒன்றைத் தவிர.

அஞ்சுகம் பதினேழின் நாலு மூலையிலும் கல் நட்டாள். டேப்பின் மறுமுனையை ஏரியே பிடித்துக்கொண்டது. பிறகு பையைத் தூக்கிக்கொண்டு நாலு கல்லுக்கும் உள்ளே வந்தது, அஞ்சடி விட்டது, எழுந்து நின்றது. இருபத்திரண்டு மாடி உயரம்.

'நீர்நிலை ஏதும் இல்லை' என்று எழுதி அவள் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மாதம் ஏரி ஒன்பதாவது மாடியை வாடகைக்கு விட்டது. அஞ்சுகம் கல்யாண போட்டோவோடு படியேறினாள். கெண்டை மீன்கள் ஒதுங்கி வழிவிட்டன. அவள் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்ததும் ஏரி தொண்டையைச் செருமியது.

"எல்லாம் சரிம்மா. சுவத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது."

அஞ்சுகம் போட்டோவைச் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்துவிட்டு, தண்ணீருக்கு மோட்டார் போட எந்த சுவிட்ச் என்று கேட்டாள்.