மாப்பிள்ளைக்குப் பசி

ரோபோவின் பெயர் மாப்பிள்ளை. அது வந்த பெட்டியின் மேல் வேறு ஏதோ பெயர் அச்சடித்திருந்தது; பிள்ளைகள் யாரும் அதைச் சொல்வதில்லை. ஒரு ரொட்டிப் பாக்கெட் அளவுதான் இருக்கும். மஞ்சள் பிளாஸ்டிக் உடம்பு, அடியில் இரண்டு சக்கரம், தலைமேல் ஒரு தட்டு, முன்னால் கண் மாதிரி இரண்டு விளக்கு, அதற்குக் கீழே வாய் மாதிரி ஒரு பிளவு. ஒரு கட்டளை பிசகினாலும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றுவிடும். முதல் நாள் அது அப்படி முறுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் வாதாடுகிற ஒரு பையன், "டீச்சர், இது ஏன் மாப்பிள்ளை மாதிரி கோவிச்சுக்குது?" என்றான். அன்றிலிருந்து அதுதான் பெயர். அந்தப் பையனுக்கு வக்கீல் என்ற பெயர் அதற்கும் முன்பே இருந்தது.

என் தங்கை மிளகு இரண்டாம் வகுப்பு. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள் என்று அம்மா வைத்த செல்லப் பெயர். காரம் பிறகுதான் தெரிந்தது. ஒரே ஒரு ரோபோவை வைத்துக்கொண்டு இத்தனை வாண்டுகளை டீச்சரால் தனியாகச் சமாளிக்க முடியாது. அதனால் ரோபோ வகுப்பு நாள்களில் பிள்ளைகளின் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் முறை வைத்து வந்து உட்கார வேண்டும். எங்கள் வீட்டு முறைக்கு அம்மாவுக்குப் பதிலாக நான் போவேன். கடைசி வரிசையில், முழங்கால் முகவாயில் இடிக்கும் சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும் என்றிருக்கும்.

சாப்பாடு நம் தட்டுக்கு எப்படி வருகிறது என்பது பாடம். தரையில் கட்டம் போட்ட பெரிய விரிப்பு. ஒரு மூலையில் கோதுமை வயல், அப்புறம் மாவு மில், பேக்கரி, கடை, எதிர் மூலையில் வீடு. எல்லாம் பிள்ளைகள் அட்டையில் வெட்டி ஒட்டியவை. பேக்கரியின் கூரை மட்டும் எப்போதும் சரிந்து கிடக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு துண்டு வழி. 'முன்னே போ', 'இடப்பக்கம் திரும்பு', 'வலப்பக்கம் திரும்பு', 'நில்' என்ற கட்டளைகளை டேப்லெட்டில் விரலால் இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க வேண்டும். 'நில்'லுக்குப் பக்கத்தில் எத்தனை நொடி என்று ஒரு எண்ணும் போடலாம். பிறகு 'ஓடு' என்பதை அமுக்கினால் மாப்பிள்ளை கிளம்புவார். வயல் குழு பிசகினால் மில்லுக்கு ஒன்றும் வராது. மில் பிசகினால் பேக்கரி அடுப்பு சும்மா எரியும். "வழியில ஒருத்தர் தூங்கினா வீட்டுல எல்லாரும் பட்டினி," என்பார் டீச்சர்.

கடைசித் துண்டு, கடையிலிருந்து வீடு வரைக்கும், மிளகின் குழுவுக்கு.

"இந்த இடத்துல யாரு கொண்டு வருவாங்க?" என்று டீச்சர் கேட்டார். லாரி என்றான் ஒருவன். அப்பா என்றாள் ஒருத்தி. மிளகு எழுந்து நின்று, "எங்கம்மா" என்றாள்.

"அது உங்க வீட்டுக்கு," என்றான் வக்கீல்.

"உங்க வீட்டுக்கும்தான். போன வாரம் உங்க வீட்டு வாசல்ல நாய் துரத்துச்சுன்னு அம்மா சொன்னாங்க."

வக்கீல் டேப்லெட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான். நாய் அவனுடையது.

எங்கள் அம்மா ஸ்கூட்டரில் உணவு டெலிவரி செய்கிறாள். முதுகில் பெரிய சதுரப் பை. அவள் வீட்டுக்குள் நுழையும்போதே இன்னொருவர் வீட்டுச் சமையல் வாசனையும் கூடவே நுழையும். அடுப்படியில் நின்றபடி இரண்டு வாய் போட்டுக்கொள்வாள். மூன்றாவது வாய் போடுவதற்குள் அடுத்த ஆர்டருக்குப் போன் கூவும். "கத்தாத, வர்றேன். நான் என்ன மெஷினா?" என்று அதைத் திட்டிக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டுவாள். ஒருநாள் மிளகு அந்தப் பையின் மேல் மூக்கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இதுல ஒரே ஒரு வாய் எடுத்தா அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"அது அடுத்தவங்களுது கண்ணு. கை வைக்கக் கூடாது."

"அப்ப உன்னுது எப்ப வரும்?"

அம்மா சிரித்தாள். அதற்குள் போன் கூவிவிட்டது.

வருகிற வெள்ளிக்கிழமை எல்லார் வீட்டாரும் வந்து மாப்பிள்ளையின் பயணத்தைப் பார்க்கலாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். வயலில் தொடங்கி வீடு வரை, நிறுத்தாமல். வீட்டுக் கட்டத்துக்கு வரும்போது தட்டில் நிஜமான பன் இருக்கும். "போனை அணைச்சிட்டு வர்றேன்" என்றாள் அம்மா. "விளையாட்டுப் போட்டிக்கும் இதையேதான் சொன்ன," என்றாள் மிளகு. ஓட்டப் பந்தயத்தில் அவள் மூன்றாவதாக வந்ததை அம்மா பார்க்கவில்லை. மிளகு அதை மறப்பவள் இல்லை. அன்று முதல் படுக்கும்போதெல்லாம், "அக்கா, அம்மா வருவாங்கல்ல?" என்பதே கேள்வி. நானும், "வருவாங்க, தூங்கு," என்பேன்.

வியாழக்கிழமை ஒத்திகை. அன்று என் முறை. டீச்சர் அலமாரியிலிருந்து மாப்பிள்ளையை எடுத்து வயலில் வைத்தார். வயல் குழு 'ஓடு' என்பதை அமுக்கியது. மாப்பிள்ளை ஒரு முனகல் முனகினார், நகரவில்லை. கட்டளைகளை மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தார்கள். பேட்டரியைப் பார்த்தார்கள். "என் பக்கம் தப்பில்ல, மில்லுக்காரங்கதான் ஏதோ பண்ணிட்டாங்க," என்று வயல் சொல்ல, மில் பேக்கரியைச் சொல்ல, பேக்கரிக் கூரை மறுபடியும் சரிந்தது.

எனக்கு எறும்பு கண்ணில் பட்டது. ஜன்னலிலிருந்து சுவரோரமாக இறங்கி, கரும்பலகைக்குக் கீழே வளைந்து, அலமாரிக் கதவின் இடுக்கு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது ஒரு வரிசை. எதிரில் ஒரு வரிசை வெளியே வந்தது. வருகிற ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பொடித் துணுக்கு. அவற்றுக்கு டேப்லெட்டும் இல்லை, டீச்சரும் இல்லை. ஆனாலும் ஒன்றும் வழி தப்பவில்லை.

நான் மிளகைப் பார்த்தேன். அவள் தன் கால் கட்டைவிரலைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சரும் எறும்பைப் பார்த்துவிட்டார். சின்ன திருப்புளியை எடுத்து மாப்பிள்ளையின் வயிற்றைத் திறந்தார். உள்ளே, பல்சக்கரங்களுக்கு நடுவில், சிவப்பாகக் கொழகொழவென்று ஜாம். ஊறிப்போன பன் துண்டுகள். அந்த ஜாமை எனக்குத் தெரியும். முந்தின நாள் காலையில் பன்னைப் பிளந்து தடவிக் கொடுத்ததே நான்தான்.

"மாப்பிள்ளைக்கு விருந்து வச்சது யாருப்பா?" என்று வக்கீல் கேட்க, வகுப்பே குலுங்கியது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "யாரு?" என்றார் மெதுவாக.

மிளகு எழுந்து நின்றாள்.

"அதுக்குப் பசிக்குமில்ல டீச்சர். எல்லாருக்கும் கொண்டுபோய்க் குடுக்குது. அதுக்கு யாருமே குடுக்கல."

"அது மெஷின்," என்றான் வக்கீல்.

"மெஷின்னு எனக்கும் தெரியும்," என்றாள். குரல் உடையத் தொடங்கியது. "எங்கம்மா சாப்பிடாமலே ஓடுவாங்க. ஓடும்போது நான் என்ன மெஷினான்னு கேப்பாங்க. அப்ப மெஷினுக்கும் அப்படித்தான் இருக்கும்போலன்னு…" அதோடு அழுகை முந்திக்கொண்டது. "நாளைக்கு எங்கம்மா வர்றாங்க டீச்சர். இது ஓடாட்டி அவங்க எதைப் பாப்பாங்க?"

நான் எழுந்து அவளிடம் போக வேண்டும் என்று நினைத்தேன். நாற்காலி என்னோடு சேர்ந்து எழுந்து, சத்தம் போட்டு விழுந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் வெட்கப்பட ஒன்றும் மிச்சமில்லை என்பதால் போய் மிளகின் பக்கத்தில் நின்றேன்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பசிக்குமோன்னு தோணினா என்கிட்ட வந்து சொல்லணும். கேக்காம ஊட்டலாமா?"

"ஜாம் அதுக்குப் பிடிக்கலையா டீச்சர்?"

"பிடிச்சுதான் சாப்பிட்டிருக்கு. சக்கரத்துக்குத்தான் ஒத்துக்கல."

மிளகுக்கு அழுகையின் நடுவே சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் என் பக்கம் திரும்பி, "உனக்குக் கை நிதானமாம்மா?" என்றார். நான் தலையாட்டினேன். பழைய பல் தேய்க்கும் பிரஷ், பஞ்சு, ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீர். டீச்சர் பேட்டரியைக் கழற்ற, ஒவ்வொரு பல்லாக நான் துடைத்தேன். எறும்புகளை ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோய் விடும் வேலையை வக்கீல் தானாகவே எடுத்துக்கொண்டான்.

துடைத்து, காயவைத்து, பூட்டியபின் மாப்பிள்ளை ஓடினார். நேராகப் போனார். வலப்பக்கம் திரும்பினார். இடப்பக்கம் திரும்பச் சொன்னால் மட்டும் நின்று முனகினார். இடது சக்கரம் பின்னோக்கிச் சுற்ற மறுத்தது. வழியிலோ இடப்பக்கத் திருப்பங்கள் ஏராளம்.

"போச்சு," என்றது மில்.

வக்கீல் விரிப்பில் ஏறி நின்றான். வலப்பக்கம் திரும்பினான். மறுபடி வலப்பக்கம். மறுபடியும். நின்று யோசித்தான்.

"டீச்சர்! இந்தப் பக்கம் மூணு தடவை திரும்பினா அந்தப் பக்கம் வந்துடுது!"

எல்லாரும் எழுந்து சுற்றிப் பார்த்தார்கள். இரண்டு பேர் தலைசுற்றி விழுந்தார்கள். பிறகு எல்லாக் குழுவினரும் தங்கள் கட்டளைகளை முதலிலிருந்து அடுக்கினார்கள். மிளகு தன்னுடையதை யாருக்கும் காட்டாமல், டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அடுக்கினாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு நிறைய பெரியவர்கள். சின்ன நாற்காலிகளில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். மிளகின் கண் கதவிலேயே இருந்தது. "அக்கா, போன் பண்ணு," என்றாள். பண்ணினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. டீச்சரும் கொஞ்ச நேரம் மேசையைத் துடைப்பதுபோல் துடைத்துப் பார்த்தார். அதற்கு மேல் எவ்வளவுதான் துடைக்க முடியும்? "ஆரம்பிக்கலாம்," என்றார்.

மாப்பிள்ளை வயலிலிருந்து கிளம்பினார். இடப்பக்கம் போக வேண்டிய இடத்திலெல்லாம் வலப்பக்கமாக ஒரு சுற்று சுற்றிவிட்டே போனார்.

"ஏன்டா இது ஊரைச் சுத்திக்கிட்டு வருது?" என்றார் வக்கீலின் அப்பா.

"ஜாம் சாப்பிட்டுச்சுப்பா. அப்புறமா சொல்றேன்."

மில் வந்தது. பேக்கரி வந்தது, அங்கே தட்டில் பன்னை வைத்தார்கள். கடை வந்தது. இனி மிளகு 'ஓடு' என்பதை அமுக்க வேண்டும். அவள் விரல் திரைக்கு மேலே நின்றது. கதவைப் பார்த்தாள். வராந்தா காலியாக இருந்தது.

"மிளகு, அமுக்கும்மா," என்றார் டீச்சர்.

கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டு அமுக்கினாள். மாப்பிள்ளை இரண்டு கட்டம் போய், நட்டநடுவில் நின்றுவிட்டார்.

"மறுபடியும் மக்கரா?" என்றான் வக்கீல்.

"இல்ல. சாப்பிடுது."

"என்னது?"

"கொண்டுபோறவங்களும் நடுவுல சாப்பிடணும். அதுக்குத்தான் 'நில்' போட்டிருக்கேன்."

"எவ்வளவு நேரம் போட்டிருக்க?" என்றார் டீச்சர்.

"'நில்'லுக்குப் பக்கத்துல எவ்வளவு பெரிய நம்பர் போட முடியுதோ அவ்வளவு."

பெரியவர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு ஓய்ந்தது. மாப்பிள்ளை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு நின்றார். யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை கொட்டாவி விட்டது. "சாப்பிடறவங்களை அவசரப்படுத்தக் கூடாது," என்று வக்கீல் தன் அப்பாவுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தான்.

அப்போது வராந்தாவில் தடதடவென்று காலடிச் சத்தம். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், முதுகில் பையோடு அம்மா வாசலில் வந்து நின்றாள். பை கதவில் மாட்டிக்கொண்டது.

"முடிஞ்சிடுச்சாடி?" என்றாள் மூச்சு வாங்க.

"இன்னும் இல்ல. சாப்பிட்டுட்டு இருக்கு," என்றாள் மிளகு. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நீ உள்ள வா."

நான் போய்ப் பையை விடுவித்து இறக்கி வைத்தேன். அம்மா என் நாற்காலியில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை சாப்பிட்டு முடித்தார். ஒரு கட்டம் முன்னே. வலப்பக்கம் ஒரு சுற்று. நேராக. வீட்டு வாசலில் போய் நின்றார், பன் அசையவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா எல்லாரையும்விடக் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கி, எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

மிளகு பன்னை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு விரிப்பின் குறுக்கே நடந்து வந்தாள்.

"இந்தா. உன்னுது வந்துடுச்சு."

அம்மா அதை வாங்கிக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்தவங்களுது இல்லம்மா. நிஜமா உன்னுதுதான். சாப்பிடு."

அம்மா ஒரு கடி கடித்தாள். அதற்குள் போன் கூவியது. அணைக்க மறந்திருக்கிறாள். பழக்க தோஷத்தில் கை தானாகவே அதன் பக்கம் போனது. மிளகு டேப்லெட்டை அம்மாவுக்கு நேராக நீட்டி, 'நில்' என்பதை அமுக்கினாள்.

அம்மா உட்கார்ந்தபடியே சிலையாகிவிட்டாள். நீட்டிய கை நீட்டியபடி, கன்னம் உப்பியபடி. போன் கூவிக் கூவி, தானே ஓய்ந்தது.

"எப்ப ஓடலாம்?" என்றாள் அம்மா, வாய் நிறைய பன்னோடு.

"முழுசா முழுங்கிட்டு," என்றாள் மிளகு.