டைம்பீஸில் வீட்டு நேரம்

கிழக்கே போகிற கப்பலில் வேலை பார்ப்பது போன்ற பாவம் வேறில்லை. ஒரு ராத்திரி விட்டு ஒரு ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். பயணிகளுக்கென்ன, கொட்டாவி விட்டுக்கொண்டு தாமதமாகச் சாப்பிட வருவார்கள். அவர்களுடைய படுக்கையைத் தட்டிப் போடுகிற எனக்குத் தூக்கம் போனது போனதுதான். இதில் கொடுமை, ‘இன்றிரவு கடிகாரத்தை மாற்றவும்’ என்ற அட்டையை அறை அறையாகப் போய்த் தலையணை மேல் வைப்பதும் நான்தான்.

கைபேசி தானாகவே கப்பல் நேரத்துக்கு மாறிவிடும். அதை நம்பி ஏமாந்திருக்கிறேன். அதனால் வீட்டு நேரத்துக்கென்று தனியாக ஒரு உள்ளங்கையளவு டைம்பீஸ், என் மனைவி வாங்கிக் கொடுத்தது. அதன் முள்ளை மட்டும் தொடவே மாட்டேன். போனில் முதலில் அவள் வீட்டு மணியைச் சொல்வாள், நான் கப்பல் மணியைச் சொல்வேன். அப்புறம் அவள் வாய் ஓயாது. நான் ‘ம்’ கொட்டுவேன்.

அந்த வாய்க்குத்தான் சோதனை வந்தது. தொண்டையில் கட்டி. ஆபரேஷனில் பயமில்லை, ஆனால் குரல் பழையபடி வருமா என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்துவிட்டார். உள்ளே போவதற்கு முன், வீட்டு நேரம் ஒன்பது மணிக்குக் கூப்பிடச் சொல்லியிருந்தாள்.

“என் குரலை நல்லாக் கேட்டு வச்சுக்குங்க. அப்புறம் கிடைக்குமோ என்னமோ” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலை நேரத்தில் கைபேசியைத் தொடக்கூடாது. சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அலாரம் அடித்ததும் பத்து நிமிடம் போய்வர அனுமதி வாங்கினேன். டைம்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது. அலாரம் அடித்தது. கீழே எங்கள் அறைக்கு ஓடினேன்.

ரிங் போய்க்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மச்சினனுக்கு அடித்தால் அவனும் எடுக்கவில்லை. சீக்கிரமே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பத்து நிமிடம் தீர்ந்தது. கைபேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு மறுபடி விரிப்புகளிடம் போனேன். வேறென்ன செய்ய?

வேலை முடிந்து வந்து பார்த்தால் அவளிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். எல்லாம் நான் கூப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. கடைசியில் குரல் செய்தி ஒன்று.

“என்னங்க, எட்டு மணிக்கே கூப்பிட்டிருக்கீங்க? நான் ஸ்கேன் ரூம்ல இருந்தேன். போன் தம்பி பையில கிடந்திருக்கு. இப்ப அடிக்கிறேன், எடுக்க மாட்டேங்கறீங்க. வேலையில இருப்பீங்க. பரவால்ல. நர்ஸ் வந்துட்டாங்க. சாப்பிட்டுட்டுத் தூங்குங்க.”

டைம்பீஸை எடுத்து உற்றுப் பார்த்தேன். அப்போதுதான் அறையில் என்னோடு தங்கியிருக்கிற, கப்பல் சமையலறையில் ரொட்டி சுடுகிறவன் பல் தேய்த்துக்கொண்டே வந்தான். இந்த அறைக்குப் புதிது, தங்கமான பையன்.

“நேத்து அசந்து தூங்கிட்டீங்கண்ணே. எழுப்ப மனசு வரல. சுவர்க் கடிகாரத்தோட சேத்து உங்க டைம்பீஸையும் நானே ஒரு மணி நேரம் தள்ளி வச்சுட்டேன்” என்றான்.

அவனை என்னவென்று திட்டுவது? பிறகு மச்சினனுக்கு அடித்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், கண் விழித்துவிட்டாளாம். “அக்கா பேசக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க மாமா. குரல் எப்படி இருக்கும்னு போகப் போகத்தான் தெரியுமாம். நீங்க பேசுங்க, காதுல வைக்கிறேன்.”

மூச்சுச் சத்தம் கேட்டது. இத்தனை வருடம் ‘ம்’ கொட்டியவனுக்கு என்ன பேசத் தெரியும்? பழக்கதோஷத்தில் வாயில் வந்தது இதுதான்:

“அங்க மணி என்ன?”

கேட்ட பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் போனின் மேல் நகத்தால் தட்டுகிற சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

“ம்” என்றேன். ஐந்து காட்டிக்கொண்டிருந்த டைம்பீஸை எடுத்து, முள்ளைத் திருப்பி நான்கில் வைத்தேன்.