நாலாவது கம்பியின் ஸ்க்ரூ

என் வீட்டுக்காரருக்குத் தொழில் லேத்து. ஹெப்பாள் பக்கத்துப் பட்டறையில் மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடைகிறவர். சனிக்கிழமையானால் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு லூனா வண்டியில் ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கிளம்பிவிடுவார். பேஸ் கிட்டார். அதில் நாலாவது கம்பியை முறுக்கும் கீ மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டத்தால்தான் என் வயிறு எரிந்தது.

ஏனென்று சொல்கிறேன். பாட்டு நடுவில் கீ நழுவிக் கம்பி தளர்ந்துவிடும். இவருக்கோ இரண்டு கையும் வாசிப்பில். பக்கத்தில் நின்று பாடுகிற ரூபா, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே கையை நீட்டி அந்தக் கீயைத் திருப்பிவிடுவாள். சுதி சேர்ந்ததும் இவர் தலையை ஆட்டிச் சிரிப்பார். கல்யாணமாகி வந்த நாள் முதல் எத்தனை விதமாகச் சமைத்துப் போட்டிருக்கிறேன், அப்படி ஒரு சிரிப்பை நான் வாங்கியதில்லை.

மேட்டகள்ளி விநாயகர் பந்தலில் அதை ஊரே பார்த்தது. எதிர் வீட்டு கௌரம்மா என் பக்கம் சாய்ந்து, உங்கள் யஜமானருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நல்ல பொருத்தம் என்று கன்னடத்தில் சொன்னாள். பாட்டைத்தான் சொன்னாளாம். எனக்கா தெரியாது?

ஏன் அதைச் சரி பண்ணவில்லை என்று அவரைக் கேட்டேன். பல் சக்கரம் தேய்ந்துவிட்டது, பெங்களூரில்தான் கிடைக்கும் என்றார். அடுத்த வாரம் கேட்டாலும் அதே பெங்களூர். பெங்களூர் என்ன சீமையிலா இருக்கிறது? எங்கள் ஊரிலிருந்து நினைத்த நேரத்துக்கு பஸ் கிடைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவர் கறிக்கடைக்குப் போனதும் கிட்டாரை உறையிலிருந்து எடுத்தேன். கௌதள்ளியிலிருந்து வாழ வந்த நாளாக என் தையல் மிஷினை நானேதான் கழற்றி மாட்டுகிறேன், இது என்ன பிரமாதம்? கீ இருக்கும் கிட்டார் தலையின் பின்பக்கம் பார்த்தேன். சக்கரத்தில் ஒரு பல்லும் தேயவில்லை. அதைப் பிடித்திருந்த குட்டி ஸ்க்ரூதான் தளர்ந்திருந்தது. மிஷின் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு முறுக்கு முறுக்கினேன், கீ கல் மாதிரி நின்றுவிட்டது. மிஷின் ஓடும் அதிர்வில் ஸ்க்ரூ கழலாமல் இருக்க அதன் தலையில் நகப்பாலிஷ் ஒரு சொட்டு வைப்பது என் வழக்கம். இதற்கும் வைத்தேன்.

அவர் வந்ததும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், பைத்தியக்காரி. கீயைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியா என்றார். கறிப் பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை நஞ்சுமளிகையில் கச்சேரி. நானும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். கம்பி கடைசி வரை தளரவில்லை. ரூபாவின் கை மைக்கை விட்டு நகரவில்லை. இவர் வாசிப்பு மட்டும் ஏனோதானோவென்று போனது. முடிந்ததும் அந்தப் பெண் நேரே என்னிடம் வந்தாள். சண்டைக்கு நான் தயாராகத்தான் இருந்தேன்.

"அக்கா, நீங்கதான் ரிப்பேரி பண்ணீங்களாமே? ரொம்ப உபகாரம். அதைத் திருப்பித் திருப்பி எனக்கு சாக்காயிடுச்சு, அலுத்தே போச்சு. பாட்டு வரியே மறந்து போகுது."

அவள் முகத்தில் கள்ளம் இல்லை. இத்தனை நாள் மனதுக்குள் அவளை என்னென்ன சொல்லித் திட்டியிருக்கிறேன்! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வா, ஜாக்கெட் தைத்துத் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன்.

அடுத்த கச்சேரிக்கு நான் போகவில்லை. இனி எதற்குக் காவல்? கௌரம்மாதான் போயிருந்தாள். மறுநாள் காலை குழாயடியில் பார்த்தபோது, அந்தப் பெண் பாவம், பாடுவதா கீயைத் திருப்புவதா என்று நேற்றும் திணறினாள் என்றாள்.

குடத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து கிட்டாரைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. பாலிஷ் உடைந்து, ஸ்க்ரூவின் தலையில் பளிச்சென்று புதுக் கீறல் இருந்தது. தானாகக் கழன்ற ஸ்க்ரூவில் கீறல் விழுமா?

அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். கிட்டாரை அவர் மடியில் வைத்து, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்தேன். கத்த வேண்டும் என்றுதான் வந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்.

"நீங்களே முறுக்குங். நான் பார்க்கோணும்."

அவர் கீயை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரைக் காபி டம்ளர் பக்கத்தில் வைத்தார்.

"இருக்கட்டும் உடு, மகேசு."

தானாகக் கழன்றுவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கீறலைப் பார்த்த பிறகும் நான் நம்பியிருப்பேன். எனக்காக ஒரு பொய் சொல்லக்கூட அவருக்கு மனசு வரவில்லை.