கிணறு இல்லாத படங்கள்

...வெள்ளைத்துரை ஏட்டய்யா வீட்டுக்கு லஞ்சம் மட்டும் ஆகாது, மற்றபடி குத்துவெட்டு, சாராயம், மழைப்பாட்டு எது வந்தாலும் அந்த வீட்டில் முகம் சுளிக்க ஆளில்லை, ஆகவே இந்தப் படத்தில் கை வைக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான், இரண்டாவது பாட்டு முடிந்ததும் இன்ஸ்பெக்டர் மேசை டிராயரைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பானே, அது... அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. காசிமாயன் நாற்காலியைச் சுவரோடு சாய்த்து உட்கார்ந்தான். மேல் தட்டில் ஒரு வீடியோ டெக் படத்தை ஓட்டிக்கொண்டிருந்தது, கீழ்த் தட்டில் இன்னொரு டெக் அதைக் காலிக் கேசட்டில் பதிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் சின்ன டிவி. வேண்டாத இடம் வரும்போது கீழே உள்ளதை நிறுத்த வேண்டும், அது போனதும் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் தொழில். அவ்வளவுதானா? அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் அடுத்த தெருவில் ஒருவன் இரண்டு டெக் வாங்கிப்போட்டு, ஃபேமிலி காப்பி கிடைக்கும் என்று போர்டும் எழுதி வைத்தான், இன்றைக்கு அந்த இடத்தில் பரோட்டா போடுகிறார்கள். பட்டனை எவனும் அமுக்கலாம், வீடு தெரிய வேண்டும். ஆரப்பாளையத்தில் இந்த நாலு தெருவுக்குள் எந்த வீட்டில் எதைத் தொட்டால் வலிக்கும் என்று தெரியாதவன் இந்தக் கடை வைக்கக் கூடாது.

மெட்ராஸில் சென்சார்காரர்கள் உட்கார்ந்து கத்தரி போடுகிறார்களே, அவர்களுக்குக் கன்னியாகுமரி வரைக்கும் ஒரே கத்தரி, அதில் என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கிறது? விநியோகஸ்தர்கள் இன்னும் மோசம், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஆட்கள் எழுந்துவிடுவார்கள் என்று திருமங்கலம் தாண்டினால் இரண்டு பாட்டைத் தூக்கிவிடுவார்கள், அது நேரத்தைக் குறைப்பது, மனுசனைப் பார்த்துச் செய்வதில்லை. காசிமாயன் செய்வது வேறு. பால்பாண்டிக்கு இரண்டு பெண்டாட்டி, இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்துதான் படம் பார்க்கிறார்கள், அந்தப் பாய்க்கு முன்னால் போய் ஒருவன் இரண்டாவதாக ஒருத்திக்குத் தாலி கட்டினால் பால்பாண்டிக்கு அன்றைக்குச் சோறு விழுமா? அவன் வாய்விட்டுக் கேட்கவே இல்லை, காசிமாயனாகத்தான் எடுத்தான். அடுத்த நாள் பால்பாண்டி கடைக்கு வந்து, “மாப்ள, படத்துல எதையோ காணாமப் போக்கிட்ட, நீ நல்லாயிருக்கணும்” என்று ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனான். கோயிலில் பூசை செய்கிற ஹாலாஸ்ய பட்டர் வீட்டுக்கு அர்ச்சகரைக் கேலி பேசும் காமெடி போகாது. கடன்காரன் கதவைத் தட்டுகிற இடம் ரேஷன் கடைக்காரர் வீட்டுக்குப் போகாது. ஒரே படம்தான், ஆனால் வீட்டுக்கு வீடு வேறு படம்... இதை ஒரு கலை என்று சொன்னால் சிரிப்பார்கள், சொல்லாவிட்டால் என்ன, கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களின் முகத்தில் தெரியாதா.

ஒச்சாயி படியேறி வந்தபோது இரண்டாவது பாட்டு ஆரம்பித்திருந்தது. ஒயர்க் கூடைக்குள் கேசட்டைத் துணி சுற்றி வைத்திருந்தாள், குழந்தையைக் கொண்டுவருவது மாதிரி. காசிமாயனின் ஊர்க்காரி, தூரத்துச் சொந்தம், அத்தை முறை. மகள் பஞ்சவர்ணம் கிணற்றில் விழுந்து செத்த வருஷமே ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே குடிவந்தவள், மகன் சவூதிக்குப் போய் முதல் லீவில் டிவியும் டெக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான், அம்மா தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்க்கக் கூடாது என்று. வாரம் இரண்டு படம், காசிமாயன்தான் பார்த்துக் கொடுப்பான். “இந்த வெயில்ல எதுக்கு அத்தே, பொழுது சாய நானே வந்து வாங்கிக்கிற மாட்டேனா” என்றான். “நடந்தா காலு தேஞ்சா போகும்?” பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். படம் நன்றாகத்தான் இருந்தது என்றாள், அந்தப் பயல் கறுப்பாக இருந்தாலும் களையான முகம் என்றாள், பிறகு, “ஆனா எனக்கு ஒண்ணு வெளங்கல காசி. அந்தப் புள்ள அழுதுக்கிட்டே வரப்புல போறா, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள அந்தப் பய வீட்டுக் கட்டில்ல ஒக்காந்து கஞ்சி குடிக்கிறா, எப்ப அங்க போனா?” என்றாள்.

இதற்கெல்லாம் பதில் கைவசம் இருக்கிறது, பதில் இல்லாமல் கடை நடக்குமா. டேப் சிக்கிக்கொண்டது, பழைய கேசட், மாற்ற வேண்டும் என்றான். “டீச்சரு வீட்டுக் கேசட்டுல சிக்கலையாம்ல.” டீச்சர்... பாகீரதி டீச்சர், ஒச்சாயிக்கு அடுத்த வீடு, வெள்ளிக்கிழமை இதே படத்தை இதே கடையில் வாங்கிப் போனவர், அவர் வீட்டுக்கு ஈரச்சேலைப் பாட்டைத்தான் எடுத்தானே தவிர மற்றதில் கை வைக்கவில்லை. “அவ கெணத்துல விழப் போறாளாம், அந்தப் பய பாஞ்சு வந்து புடிச்சுக்கிர்றானாம். டீச்சரு சொல்லிச் சொல்லிக் கண்ணத் தொடைக்குது. நான் பாக்கலையேங்குறேன், அதெப்படி மாமி பாக்காம இருப்பேள்னு என்னையக் கேக்குது.” காசிமாயன் சிரித்து வைத்தான். சிரிப்பு எங்கேயும் போய்ச் சேரவில்லை. எப்படி இதை யோசிக்காமல் போனான்? ஒவ்வொரு வீட்டையும் உள்ளங்கை மாதிரி தெரியும், சரி, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர் என்பதும் தெரியும்தானே, அந்தச் சுவருக்கு மேலாகக் குழம்பும் ரசமும் போய்வருவதும் தெரியும், கதை போய்வராதா... இருக்கட்டும், ஒரு தப்பு, இனிமேல் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு ஒரே படத்தை ஒரே வாரத்தில் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதானே, சரிசெய்துகொள்ளலாம்.

அவளுக்காகச் செய்தது அது, வேறு யாருக்காக? திருமங்கலத்துக்கு மேற்கே அவர்கள் ஊரில் அந்தக் கிணறு, விடிந்தும் விடியாமலும் சத்தம் கேட்டு ஓடியபோது முதலில் குதித்தவன் அவன்தான். பஞ்சவர்ணத்தைக் கொண்டுவந்து படியில் கிடத்தியதும் மேலே நின்றவர்களில் யாரோ, “குடம் எங்கடா?” என்றார்கள். குடம் இல்லை. கயிறும் இல்லை. மறுநாள் அவளுக்குப் பூ வைக்க வருவதாக இருந்தது, ஒச்சாயி அலைந்து திரிந்து பிடித்த இடம், பெண்ணுக்கு அதில் இஷ்டமில்லை என்று ஊரில் பேச்சு இருந்தது. வரப்பின் அந்தக் கோடியில் ஒச்சாயி முடி அவிழ ஓடிவருவது தெரிந்தது. எல்லாரும் மரமாக நின்றார்கள், காசிமாயனுக்குத்தான் சட்டென்று தோன்றியது, அவன் மூளை அப்படி, கிணற்றுக்குச் சொந்தக்காரர் மொக்கைச்சாமியின் மோட்டார் ரூமுக்குள் ஓடி அங்கே இருந்த பித்தளைக் குடத்தை எடுத்துவந்து தண்ணீரில் போட்டான், அவள் வந்து சேர்ந்தபோது அவனே இறங்கி அதை எடுத்து வைத்தான். தண்ணி மொள்ள வந்த புள்ள வழுக்கிருச்சு அத்தே என்றான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பிழைத்தாள், இன்றைக்கும் பிழைத்துக் கிடக்கிறாள், அதைக் கெடுக்கிற மாதிரி ஒரு படம் அவள் வீட்டுக்குப் போகலாமா?

“இந்தப் படத்துல மட்டும்னா நான் கேக்கப் போறதில்ல” என்று ஒச்சாயி சொல்லிக்கொண்டிருந்தாள், கோபம் இல்லை, கத்தரிக்காய் விலை பேசுகிற குரல்தான். “டெக்கு வந்ததுலருந்து பாக்குறேன். எங்க வீட்டுக்கு வர்ற படத்துல வயக்காடு வருது, நாத்து நடுறாளுக, கமலை மாடு கூட வருது, கெணறு மட்டும் வர மாட்டேங்குது. கெணறு இல்லாமக் கமலை எங்கப்பா எறைக்கும்? நம்ம பக்கத்துல கெணறு இல்லாத ஊரு ஒண்ணு சொல்லு பாப்போம்.” டிவியில் இன்ஸ்பெக்டர் டிராயரைத் திறந்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தான். காசிமாயன் பார்த்தான், விரல் எழவில்லை, நோட்டுக்கட்டு விழுந்தது, டிராயர் மூடிக்கொண்டது, எல்லாம் ஏட்டய்யா வீட்டுக் கேசட்டில் ஏறிக்கொண்டிருந்தது... போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். “ஒனக்கு மனசு கஷ்டப்படுமேன்னுதான் அத்தே.” “எதுக்குக் கஷ்டம்? எம்மக வழுக்கித்தான விழுந்தா? வழுக்கி விழுந்தவளுக்கும், வேணும்னு விழப் போறவளுக்கும் என்ன இருக்குன்னு நீ அத எடுத்த?”

இப்படி ஒரு கேள்வி இதற்குள் இருக்கும் என்றே அவனுக்குத் தெரியாது. எடுத்ததாலேயே சொல்லிவிட்டானா? ஒவ்வொரு வாரமும், ஒவ்வொரு கேசட்டிலும், இந்த இடத்தில் உனக்கு ஒன்று இருக்கிறது என்று அவனேதான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தானா? நாக்கு பழைய வழியிலேயே போனது. “குடத்தோடதான அத்தே கெடந்தா, நான்தான குடத்த எடுத்து...” ஒச்சாயி கையை லேசாக அசைத்து நிறுத்தினாள். “அது எங்க வீட்டுக் குடமில்லப்பா.” பெஞ்சில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டினாள். “புழங்குன குடம் எனக்குத் தெரியாதா? கழுத்துல பேரு வேற பொறிச்சிருந்துச்சு. மகன்கிட்டக் காமிச்சேன், மொக்கச்சாமின்னு படிச்சான். காரியம் முடிஞ்ச மறுநாளே புளி போட்டு வெளக்கிக் கொண்டுபோயி அவுக வீட்டுல குடுத்துட்டேன். மொக்கச்சாமி வாங்கிக்கிட்டாரு, ஒண்ணும் கேக்கல. நானும் ஒண்ணும் சொல்லல.” பெயர்... பாத்திரம் என்றால் பெயர் இருக்கும், கல்யாணச் சீர் என்றால் தேதி கூட இருக்கும், சின்னப் பிள்ளைக்குத் தெரியும் அது. ஊரே அந்தக் குடத்தைப் பார்த்தது, யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை, இத்தனை காலம் அவன் அவளைக் காப்பாற்றுகிறான் என்று அவனை நம்பவிட்டு... எதற்கு? அவனுக்கு மனசு கஷ்டப்படும் என்றா?

“அந்த எடத்த இப்பப் போடு, பாத்துட்டுப் போறேன்.” “வேணாம் அத்தே.” “பொழைக்க வைக்கிறானாம்ல, அதத்தான் பாக்கணுங்குறேன்.” ஏட்டய்யாவின் படத்தை நிறுத்தினான். அலமாரியிலிருந்து வெட்டாத கேசட்டை எடுத்துப் போட்டு ஓடவிட்டு நிறுத்தினான், ஒரே தடவையில் சரியாக வரப்புக்கு முன்னால் நின்றது, அதில் மட்டும் இந்த விரல் தப்பாது. புல்லாங்குழல். அது ஒரு இழுப்பு இழுத்து நிற்கும், அந்த இடத்தில்தான் எப்போதும் பட்டன். இன்றைக்கு ஓடவிட்டான். எதிரே சைக்கிள் வாடகைக் கடையில் ஒருவன் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான், பம்பு மேலும் கீழும் போயிற்று, ஒரு மாடு போஸ்டரைத் தின்னலாமா என்று யோசித்து நின்றது. முதுகுக்குப் பின்னால் டிவியில் வளையல் சத்தம், கொலுசு, காற்று, யாரோ மூச்சு வாங்க ஓடிவருகிற சத்தம், ஒரு அலறல், பிறகு இரண்டு பேர் அழுகிற சத்தம். மேளம் தொடங்கியது, அங்கேதான் எப்போதும் மறுபடி பதியவிடுவான். பட்டனை அமுக்கி நிறுத்தினான்.

ஒச்சாயி அழவில்லை. கன்னத்தில் கைவைத்தபடி நின்றுபோன திரையையே பார்த்தாள். “ஏப்பா, அவன் எந்தப் பக்கமிருந்து வந்தான்?” என்றாள். “அம்புட்டுச் சரியா அந்நேரத்துக்கு எப்படி வந்து நின்னான்? அவ போறதப் பாத்துட்டுப் பின்னாலயே வந்தவனா, இல்ல சும்மா வழியோட போனவனா? எனக்குக் கண்ணு மசமசங்குது, புடிபடல. நீ எத்தன தடவ ஓட்டியிருப்ப, சொல்லு.”

சொல்லலாம், அவனுக்குத் தெரியாத இடமா... வாயைத் திறந்தான். புல்லாங்குழல் எங்கே நிற்கும் என்று தெரியும், மேளம் எங்கே தொடங்கும் என்று தெரியும், கஞ்சியை எந்தக் கையால் வாங்குவாள் என்பது கூடத் தெரியும். நடுவில்? வலது பக்கமா, இடது பக்கமா, வரப்பு வழியா, சட்டை என்ன நிறம், கையைப் பிடித்தானா இடுப்பைப் பிடித்தானா... ஒன்றும் வரவில்லை. எதிர்க்கடைப் பலகையில் எழுதியிருப்பதுதான் வந்தது, மணிக்கு எவ்வளவு, டபுள்ஸ் போகக் கூடாது, அத்தனை எழுத்தும் வரிசையாக. இந்தப் படத்தில் மட்டும்தானா? இதற்கு முந்தின படத்தில்? அதற்கும் முந்தினதில்? “பாத்துச் சொல்றேன் அத்தே” என்றான், குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. ரீவைண்டை அமுக்கினான், டேப் கீச்சென்று பின்னால் ஓடியது. “நின்னுக்கிட்டுப் பாக்காத, இங்குட்டு வந்து ஒக்காரு” என்று ஒச்சாயி கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இடம் விட்டாள். உட்கார்ந்தான். புல்லாங்குழல் இன்னும் தொடங்கக்கூட இல்லை, அதற்குள் அவன் கழுத்து தெருப் பக்கம் திரும்பப் பார்த்தது.