எட்டு ஜன்னல்

எங்கள் கம்பெனி மின்விசிறி செய்கிறது. இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது என் வேலை. ஒரு இறக்கைக்கு மூன்று நாள் ஆகிறது. இப்படியே போனால் அந்த வேலையை வெளியே கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். கொடுத்துவிட்டால் எனக்கு இங்கே இடமில்லை.

"புது மெஷின் கேளு. வாயைத் திறந்து கேளு," என்று டிசைன் அக்கா பிடித்துத் தள்ளினாள்.

கேட்க வேண்டியது பர்ச்சேஸ் மேனேஜரிடம். பணப்பெட்டியை லேசில் திறக்க மாட்டார் என்பதால் ஆபீஸில் அவருக்குப் பூட்டு சார் என்று பெயர். அவர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் படமே பேசட்டும் என்று ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினேன். மெஷினின் ப்ராசஸருக்குள் எட்டு கோர். எட்டு வேலையாட்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு ஜன்னல். வேலை செய்தால் விளக்கு எரியும். சும்மா இருந்தால் இருட்டு.

பூட்டு சார் வந்து நின்றார். எட்டு ஜன்னலும் பளிச்சென்று எரிந்தன.

"எட்டும் மூச்சு விடாம வேலை செய்யுது சார். அதான்..."

"சரி, உன் காத்துக் கணக்கைக் கொஞ்சம் நிறுத்து. இருட்டையும் பாத்துடலாம்."

நிறுத்தினேன். எட்டும் எரிந்துகொண்டே இருந்தன.

"ஆளில்லாத வீட்ல யாரும்மா லைட்டு போட்டிருக்கா?"

அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினாள். எனக்குக் காது சூடானது. அழகாக இருக்கட்டும் என்று, ஒவ்வொரு ஜன்னலையும் அதன் கோரே ஓயாமல் வரையும்படி எழுதியிருந்தேன். எட்டுப் பேரும் தங்கள் படத்தைத் தாங்களே வரைவதில் மும்முரமாக இருந்திருக்கிறார்கள்.

"ஒரு நிமிஷம் சார்."

நொடிக்கு ஒரு தடவை மட்டும் வரையும்படி மாற்றினேன். எட்டும் அணைந்தன. காற்றுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். ஒரே ஒரு ஜன்னல் எரிந்தது. அது அணைந்து பக்கத்து ஜன்னல் எரிந்தது. பிறகு இன்னொன்று.

"ஒரு நேரத்துல ஒருத்தன்தான் வேலை செய்யறான். ஏழு பேர் குறட்டை விடறாங்க. இதுல இன்னும் ஆள் வேணுமா?" வாசல் பக்கம் திரும்பிவிட்டார்.

"சார், நில்லுங்க!"

நான்தான் கத்தியிருக்கிறேன். அவரே திடுக்கிட்டார்.

கணக்கை எத்தனை த்ரெட்டாக, அதாவது எத்தனை பங்காகப் பிரித்து கோர்களுக்குக் கொடுப்பது என்று செட்டிங்கில் ஓர் எண் உண்டு. வேலை பழகும்போது குழப்பம் வேண்டாமென்று ஒன்று என வைத்தது, அப்படியே கிடந்தது. எட்டு என்று மாற்றினேன்.

எட்டு ஜன்னலிலும் விளக்கு. இந்த முறை நிஜமான உழைப்பு. மெஷின் உறுமியது. கணக்கு எப்போது முடியும் என்று திரை காட்டும் நேரம் சரசரவென்று இறங்கி, நாளைக் காலை என்று நின்றது.

"அப்போ புது மெஷின்?" என்றார்.

"வேண்டாம் சார். இதுவே போதும். மாசக் கடைசிக்குள்ள எல்லா இறக்கையும் முடிச்சிடுவேன். வேலையை வெளியே குடுக்க வேண்டாம்னு முதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை.

"இப்பவே சொல்றேன். கேக்க வந்து வேண்டாம்னு சொன்ன முதல் ஆள் நீதாம்மா." முகமெல்லாம் பல்லாக முதலாளி அறைக்குப் போனார்.

அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். "அடிப்பாவி! உனக்குப் புதுசு வந்தா இந்தப் பழசை நான் தூக்கிட்டுப் போகலாம்னு இருந்தேன்டி!"

"உங்க மெஷினுக்கும் ஜன்னல் வச்சுத் தரட்டுமாக்கா?"

"வை, வை. எவன் எவன் தூங்கறான்னு பாத்துடலாம்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.